‘பார்ப்போம்’ என்ற சொல்லைக் கொஞ்ச நாள் இறக்கி வையுங்கள்

கேள்வி

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் கிராம அலுவலராகக் கடமை செய்கிறேன். வயது 35. ஒரு மகள், ஏழு வயது. என் பிரிவோடு பக்கத்துப் பிரிவுக்கும் ஒன்றரை வருடமாகப் பதில் கடமை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்குத் தொலைபேசி தொடங்கினால் இரவு பதினொன்றுக்கும் ஓயாது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்து மணிக்கு, “நாளை காலை 9 மணிக்கு முன் விவரம் தேவை” என்று வரும். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் பெயர் வராதவர்கள் நான்தான் வெட்டினேன் என்று நினைக்கிறார்கள். வயதான ஓர் அம்மா, நான் போகும்போதெல்லாம் தன் படலையடியில் நின்று கேட்பார். “பார்ப்போம் அம்மா” என்று சொல்லிவிட்டு வருவேன். இப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு ஒழுங்கையால் சுற்றிப் போகிறேன். மணல் அனுமதிக்குக் கடிதம் கேட்டு இரண்டு பேர் வழியில் மறித்து மிரட்டினார்கள். அதையும் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். தொலைபேசி அடித்தாலே கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இரவு 2 மணிக்கு விழித்தால் பிறகு நித்திரை இல்லை. போன கிழமை மகள் தன் அப்பாவிடம், “அம்மா போனில் இருக்கிற ஆட்களோடு மட்டும்தான் மெதுவாகக் கதைப்பார்” என்று சொன்னாள். கணவர் வேலையை விடச் சொல்கிறார். என் சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடன் கட்ட முடியாது. 2009இல் எனக்கு 19 வயது. போரின் கடைசி நாட்களில் தம்பியை முள்ளிவாய்க்காலில் இழந்தோம். மரணச் சான்றிதழ் விடயமாக யாராவது வந்தால் அன்று முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடாது. நான் இந்த வேலைக்கு ஏற்றவள்தானா?

– கிராம அலுவலர் ஒருவர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில் நீலப் பேனா முடிந்து கறுப்புப் பேனா தொடங்குகிறது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதன் கீழே “மன்னிக்கவும், ஆள் வந்துவிட்டார்” என்று எழுதிவிட்டு, அந்த வாக்கியத்தை முடிக்காமலே அடுத்த விடயத்துக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை அந்தப் பாதி வாக்கியத்தில் பார்த்தேன். தன் வருத்தத்தை எழுதக்கூட முழுதாகப் பத்து நிமிடம் கிடைக்காத ஒருவர், தான் வேலைக்கு ஏற்றவள்தானா என்று என்னிடம் கேட்கிறார்.

அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏற்றவர்தான். இந்தப் பதவியில் இருந்து, மனம் கல்லாகிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கை நடுங்குவதில்லை. ஒழுங்கை மாறிப் போக வேண்டிய தேவையும் இல்லை. நீங்கள் சுற்றிப் போவது அந்த அம்மாவின் கேள்வி உங்களுக்கு இன்னும் வலிப்பதால். அந்த வலி இருக்கட்டும். அதைச் சுமக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

உங்களை நீங்களே குற்றம் சாட்டுவதால் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் மனஅழுத்தமும் நெஞ்சு நோயும் அதிகம் என்று ஒரு காலத்தில் எல்லாரும் நம்பினார்கள். லண்டனில் அரசாங்க உத்தியோகத்தர்களை வைத்து மைக்கேல் மார்மட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நடத்திய வைட்ஹோல் ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் மட்டும் 10,308 பேர். பதவியில் கீழே போகப் போக இதய நோய் கூடியது. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்கு அதிகாரம் இல்லாமல் இருப்பது. ரொபேட் கராசெக் என்ற அறிஞரும் 1979இல் இதைத்தான் எழுதினார்: வேலை அதிகமாக இருப்பது மட்டும் மனிதரை முறிப்பதில்லை, வேலை அதிகமாகவும் அதன் மீது நமக்குள்ள பிடி குறைவாகவும் இருக்கும் இடம்தான் மிகவும் ஆபத்தானது. பக்கத்தில் தோள் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது இன்னும் மோசமாகும் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.

இப்போது உங்கள் கதிரையைப் பாருங்கள். அஸ்வெசும 2023இல் வந்தது. யாருக்குக் கொடுப்பனவு என்பதை 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுத் தீர்மானிக்கிறது நலன்புரி நன்மைகள் சபை. புள்ளி போட்டது நீங்கள் இல்லை. ஆனால், படலையடியில் நின்று “பிள்ளை, என் பெயர் ஏன் வரவில்லை?” என்று கேட்பதற்கு ஊருக்குக் கிடைத்த ஒரே முகம் உங்களுடையது. விதானை என்ற ஊர்த் தலைவர் முறை 1963இல் ஒழிந்து கிராம சேவகர் பதவி வந்தது. பிறகு பெயர் மறுபடியும் மாறியது. வன்னியில் வயதானவர்கள் இன்றும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்து விதானையாருக்கு இருந்த அதிகாரம் உங்களிடம் இல்லை. அவரிடம் ஊர் வைத்திருந்த எதிர்பார்ப்பு மட்டும் முழுதாக உங்கள் தலையில் இருக்கிறது. அதோடு இன்னொரு பிரிவும். இந்த நிலையில் யாரை உட்கார வைத்தாலும் ஆறு மாதத்தில் இரவு 2 மணிக்கு விழித்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எண்ணிப் பார்த்தேன், நான்கு இடத்தில். பார்ப்போம். அந்த அம்மாவிடம், யானை வேலிக்குக் கடிதம் கேட்ட கமக்காரரிடம், இரவில் விவரம் கேட்ட மேலதிகாரியிடம், மணல்காரர்களைப் பற்றி யோசித்த உங்களிடமே. எங்கள் ஊர்களில் ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வது கடினம். அதுவும் ஆறு ஏழு முறை இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து, மறுபடி கிடுகும் தகரமும் போட்டுத் தொடங்கிய ஒருவரிடம் யாரால் ‘இல்லை’ சொல்ல முடியும்? ஆகவே இரக்கத்தோடுதான் பார்ப்போம் என்கிறீர்கள். ஆனால் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அது ஒரு வாக்குறுதி. உங்களுக்கு அது தீர்க்காத கடன். ஒரு நாளில் இருபது பார்ப்போம் சொன்னால் இருபது கடன். இரவு 2 மணிக்கு மனம் அந்தக் கணக்கைத்தான் எடுத்து வைத்துப் பார்க்கிறது.

முடியாமல் கிடக்கும் வேலை மனதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும் என்பது உளவியலில் ஏறக்குறைய நூறு வருடமாகத் தெரிந்த விடயம். அந்தச் சுரண்டல் நிற்க வேலை முடிய வேண்டும் என்பதில்லை. எந்த நாளில், என்ன செய்வது என்று குறித்து எழுதிவிட்டாலே மனம் பெருமளவுக்கு விட்டுவிடுகிறது என்று 2011இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. என்னிடம் வருபவர்களிடம் பலமுறை கண்டிருக்கிறேன். இதை நம்பி ஒரு கொப்பி வாங்குங்கள். பெரியது வேண்டாம், கைப்பையில் அடங்கும் 80 பக்கக் கொப்பி போதும்.

யார் என்ன கேட்டாலும் அவர் முன்னாலேயே அதில் ஒரு வரி எழுதுங்கள்: பெயர், என்ன கேட்கிறார், அது யாருடைய கையில் இருக்கிறது, அடுத்த அடி எந்தத் திகதியில். “யாருடைய கையில்” என்பதை ஒருபோதும் வெறுமையாக விடாதீர்கள். உங்கள் கையில் இருக்கிறது என்றால், “வியாழக்கிழமை தருகிறேன்” என்று நாளைச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தின் கையில் என்றால், “நான் திங்கட்கிழமை அனுப்புகிறேன், அதற்கு மேல் முடிவு அவர்களுடையது, இரண்டு கிழமை கழித்து வந்து கேளுங்கள்” என்று சொல்லுங்கள். நடக்காத காரியம் என்றால், “இது நடக்காது அம்மா, காரணம் இது” என்று அன்றே சொல்லிவிடுங்கள். முதல் நாலைந்து தடவை தொண்டை அடைக்கும். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள். ஒன்றிரண்டு பேர் ஊரில் வேறு மாதிரியும் கதைப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பார்ப்போம் என்று மூன்று மாதம் அலைக்கழிக்கப்பட்டவர் கோபிப்பதைவிட அது சிறிய கோபம்.

வன்னியில் பிறந்த உங்களுக்கு இதைப் புரியவைக்க நான் தூரம் போக வேண்டியதில்லை. சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் மட்டாக இருக்கும் வருடங்களில் என்ன செய்கிறார்கள்? கூட்டம் வைத்து, இவ்வளவு ஏக்கர்தான், இந்த வாய்க்காலுக்கு இந்த நாள், அந்த வாய்க்காலுக்கு அந்த நாள் என்று முறை வைக்கிறார்கள். அதனால் தண்ணீர் ஒரு சொட்டும் கூடுவதில்லை. ஆனாலும் தன் முறை எப்போது என்று தெரிந்த கமக்காரர் வீட்டில் நித்திரை கொள்வார். முறை தெரியாதவர் இரவு முழுவதும் மண்வெட்டியோடு துருசடியில் நிற்பார், பக்கத்து வயல்காரரோடு சண்டையும் பிடிப்பார். உங்களிடம் இருக்கும் நேரமும் அதிகாரமும் மட்டான தண்ணீர். அதைப் பெருக்க உங்களால் முடியாது. முறை வைக்க முடியும். உங்கள் தொலைபேசிக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை, “என் விடயம் என்ன ஆயிற்று?” என்று கேட்கும் அழைப்புகளாகத்தான் இருக்கும். நாள் சொல்லப்பட்டவர் அந்த நாள் வரையாவது கேட்க மாட்டார்.

தொலைபேசிக்கும் ஒரு முறை வையுங்கள். இரவு எட்டரைக்கு மேல் வாட்ஸ்அப் சத்தத்தை நிறுத்துங்கள். அழைப்பு ஒலியை மட்டும் விடுங்கள். உண்மையான அவசரம் என்றால் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள், அழைப்பார்கள். அலுவலகக் கதவில் ஓர் அட்டை தொங்கவிடுங்கள்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இரவில் பிரசவ வலி வந்தவரின் வீட்டார் முதலில் ஜி.எஸ். (கிராம சேவகர்) மிஸ்ஸை எழுப்பி, மிஸ் அம்புலன்ஸை எழுப்பும் வழக்கம் உங்கள் ஊரில் மட்டும் இல்லை. அந்த இலக்கங்களை நேரே அடிக்கப் பழகினால் அவர்களுக்கும் பத்து நிமிடம் மிச்சம். மாரி மழைக் காலம் வேறு. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. அப்படியான நாட்களில் நீங்கள் விழித்திருக்கத்தான் வேண்டும். ஆனால் வருடத்தின் 365 இரவுகளையும் வெள்ள இரவாக உடம்பு நினைத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் இப்போது உங்களை உருக்குகிறது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொலைபேசி அடிக்கிறது, மூளை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது, அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது. பாம்பைக் கண்டு துள்ளி விலக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. பாம்பு போனதும் அடங்கிவிட வேண்டும். உங்களுக்கோ அடுத்த அழைப்பு வந்துவிடுகிறது, அடங்க இடம் கிடைப்பதில்லை. அந்த இடத்தை நாமாக உண்டாக்கலாம். அழைப்பை எடுப்பதற்கு முன் மூன்று முறை மணி அடிக்கவிடுங்கள். அந்த நேரத்தில் மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அப்போதுதான் இதயத்தை மெதுவாக்கும் நரம்பு வேலை செய்கிறது. ஒரு மூச்சுப் போதும். பொழுதுபட வீட்டில் இதையே ஐந்து நிமிடம் செய்யுங்கள்.

இன்னொரு வழக்கம். மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே திரும்பிக் கிரவல் வீதியால் வீட்டுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியில் ஒரு பாலை மரமாவது இருக்கும். அதன் கீழே ஸ்கூட்டரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, தலைக்கவசத்தைக் கழற்றுங்கள். கொப்பியை எடுத்து நாளைக்கு முதலில் செய்ய வேண்டிய மூன்றை மட்டும் குறியுங்கள். மூடி ஆசனத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். பிறகு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். சூடான இயந்திரம் ஆறும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம் வரும். அது நிற்கும் வரை இருந்தாலே போதும். கிராம அலுவலர் அந்த மரத்தடியில் இறங்கிவிட வேண்டும், மகளின் அம்மா அங்கிருந்து ஏற வேண்டும். இதைச் செய்து பார்த்த ஓர் ஆசிரியை ஒரு மாதம் கழித்து வந்து, “வீட்டுக்குள் செருப்போடு ஏறுவதில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தோடு ஏறிக்கொண்டிருந்தேன்” என்றார்.

மகள் சொன்னதை நீங்கள் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், பார்த்ததைச் சொல்லியிருக்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு நீண்ட விளக்கம் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் பதினைந்து நிமிடம், தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அவள் சொல்லும் விளையாட்டை அவள் சொல்லும் விதமாக விளையாடுங்கள். ஏழு வயதுக்கு அது போதும்.

நித்திரைக்கு: பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு தேநீரும் கோப்பியும் வேண்டாம். போகும் வீடெல்லாம் பிளேன்ரீ தருவார்கள், மறுத்தால் மனம் நோகும் என்று தெரியும். தண்ணீர் கேளுங்கள், செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொடுப்பதற்கும் அவர்களுக்குச் சந்தோசம்தான். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகும். இரவு 2 மணிக்கு விழித்து இருபது நிமிடத்துக்குள் கண் அயராவிட்டால் பாயில் புரளாமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் எதையாவது மடித்துக்கொண்டிருங்கள். நித்திரை வரும்போது திரும்பப் படுங்கள். தொலைபேசியைத் தொடக்கூடாது.

இதுவரை சொன்னது உங்கள் கையில் இருப்பது. மீதி உங்கள் கையில் இல்லை, அதையும் நேராகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல், வேலையால் எரிந்து தீர்ந்துபோகும் நிலையை வேலையோடு தொடர்புடைய ஒன்றாகத்தான் வகைப்படுத்தியது. நோய் என்று சொல்லவில்லை. சக்தி முழுவதும் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்படைதல், நம்மால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் – இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். 2022இல் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில், ஊழியருக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பதோடு நிற்காமல் வேலையின் அமைப்பையும் மாற்ற வேண்டும், மேலதிகாரிகளைப் பயிற்ற வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. இரண்டு பிரிவை ஒருவர் தலையில் ஒன்றரை வருடம் வைத்துவிட்டு அவரை யோகாசனம் செய்யச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

ஆகவே மேலதிகாரியிடம் போங்கள். களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், “எல்லாருக்கும்தான்” என்ற பதில் வரும். கொப்பியோடு போங்கள். இரண்டு கிழமை எழுதியிருந்தால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை விவரம் இரவில் கேட்கப்பட்டது, பதில் கடமைப் பிரிவுக்கு எத்தனை நாள் போனது என்று எண்ணிக்கை உங்களிடம் இருக்கும். கேட்பது இரண்டே இரண்டு: பதில் கடமை எந்தத் திகதியில் முடியும் என்பது எழுத்தில் வேண்டும், விவரங்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு முன் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று கிடைத்தாலும் வெற்றி. தனியே போகாதீர்கள். அதே குழுவில் அதே இரவுச் செய்தியைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் இன்னும் இரண்டு மூன்று பேர் உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். அவர்களோடு கிழமைக்கு ஒரு நாள் மதியச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடுங்கள். முறை வைத்து ஒருவர் லீவில் நின்றால் மற்றவர் தொலைபேசியைப் பார்ப்பது என்ற ஏற்பாடு அந்தச் சாப்பாட்டில்தான் உருவாகும்.

மணல்காரர்கள் விடயத்தை மனஅழுத்தம் என்ற பெட்டிக்குள் போடாதீர்கள். அது பாதுகாப்புப் பிரச்சினை. மிரட்டலைக் கண்டு உடம்பு நடுங்குவது நோய் இல்லை, அறிவு. நாள், நேரம், இடம், சொன்ன சொற்கள், மோட்டார் சைக்கிளின் இலக்கம் நினைவிருந்தால் அதையும் எழுதிப் பிரதேச செயலாளரிடம் கொடுத்து, கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். பொலிஸ் முறைப்பாடு செய்யுங்கள். அந்தப் பக்கக் களப் பயணங்களுக்குக் கொஞ்ச நாள் தனியாகப் போக வேண்டாம். இதில் மட்டும் ‘பார்ப்போம்’ வேண்டவே வேண்டாம்.

வேலையை விடுவதா என்று இப்போது முடிவெடுக்காதீர்கள். நித்திரை இல்லாத மனம் எடுக்கும் முடிவு அது. கணவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துதான் அப்படிச் சொல்கிறார். அவரிடம், “மூன்று மாதம் இதைச் செய்து பார்க்கிறேன், அதன் பிறகு இருவரும் இருந்து கதைப்போம்” என்று ஒரு நாளைக் குறியுங்கள். அந்த மூன்று மாதத்துக்கு அவர் என்ன வேலையை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வார் என்றும் கேளுங்கள். காலையில் மகளை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோவதை அவர் எடுத்தாலே உங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

இனி நீங்கள் கடைசியில் இரண்டு வரியில் எழுதியது. அந்த இரண்டு வரிக்காகத்தான் மற்ற நான்கு பக்கத்தையும் எழுதினீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

2009இல் தம்பியை இழந்த அக்கா, பதினாறு வருடம் கழித்து, மற்றவர்களுடைய தம்பிமாரின் மரணச் சான்றிதழ் விடயத்துக்குக் கையொப்பம் வைக்கிறார். இதை வேலைப்பளு என்று சொல்ல என்னால் முடியாது. கடை வைத்திருக்கும் ஒருவரோ வங்கியில் இருக்கும் ஒருவரோ தன் இழப்பை வேலை நேரத்தில் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். உங்கள் மேசைக்கு அது பத்திரமாக, முத்திரையோடு, கையில் ஒரு பழைய படத்தோடு வந்து நிற்கிறது. கை நடுங்குவதில் எவ்வளவு வேலையால், எவ்வளவு போர் முடிந்த அந்த மே மாதத்தால் என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கொப்பியும் மூச்சும் முதலாவதுக்கு உதவும். இரண்டாவதுக்கு அவை போதாது.

மே மாதம் நெருங்க நெருங்க நித்திரை இன்னும் கெடுகிறதா, அந்தக் காட்சிகள் நீங்கள் அழைக்காமலே வருகின்றனவா, சில இடங்களை, சில சத்தங்களை, முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சும் இடத்தைக்கூட தவிர்க்கிறீர்களா, தம்பியின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லையா – இதில் ஒன்றிரண்டு இருந்தாலும் ஓர் உளநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு வைத்தியசாலையில் வரிசையில் நின்றால் உங்கள் பிரிவு மக்களில் பாதிப்பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம் இருந்தால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போங்கள். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கதைத்தே குணமாக்கும் முறைகள் இருக்கின்றன, பதினாறு வருடம் கடந்தாலும் அவை பலன் தருகின்றன. போகும்போது தைரொயிட், இரத்தச்சோகை, இரத்த அழுத்தம் மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். தைரொயிட் அதிகமாகச் சுரந்தாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், நித்திரை கெடும். அதை மனஅழுத்தம் என்று எண்ணி வருடக்கணக்கில் விட்டவர்கள் உண்டு.

வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு கணம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். 1333 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் கேட்க ஆள் இருப்பார்கள்.

சான்றிதழ் வேலையைப் பற்றி ஒரு சின்ன விடயம். அப்படி ஒருவர் வரும் நாளில் அவருக்குப் பிறகு உடனே அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். பத்து நிமிடம் கதவைச் சாத்துங்கள். வந்தவரிடம், முடிந்தால், இறந்தவரின் பெயரைப் படிவத்தில் எழுதும்போது வாயாலும் ஒருமுறை சொல்லுங்கள், “நல்ல பெயர்” என்றோ “எத்தனையாவது பிள்ளை?” என்றோ கேளுங்கள். வருபவர்களுக்குப் படிவத்தில் ஓர் இலக்கமாகிவிட்ட பிள்ளை அந்த நிமிடத்தில் மறுபடி பிள்ளையாகிறது. இது உங்களையும் இலேசாக்கும் என்று நம்புகிறேன். தாங்க முடியாத நாள் என்றால் பக்கத்துப் பிரிவு அலுவலரிடம் அந்த ஒரு கோப்பை மட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக, படலையடி அம்மா. அவருடைய பெயர் ஏன் வரவில்லை என்று உங்களுக்கு உண்மையில் தெரியுமா? கடிதத்தில் அது இல்லை. தெரியாவிட்டால் திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் அஸ்வெசும வேலை பார்க்கும் உத்தியோகத்தரிடம் கேளுங்கள்: மேன்முறையீடு போட்டிருக்கிறாரா, தரவு பிழையாகப் பதிந்திருக்கிறதா, முதியோர் கொடுப்பனவுக்காவது தகுதி இருக்கிறதா. கிடைத்த பதிலைக் கொப்பியில் எழுதிக்கொண்டு செவ்வாய்க்கிழமை பழைய ஒழுங்கையாலேயே போங்கள். ஸ்கூட்டரில் இருந்தபடி சொல்லாமல் இறங்கி, உள்ளே போய், தரும் இடத்தில் இருந்து சொல்லுங்கள். நல்ல பதில் என்றால் நல்லது. இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். அவர் அழக்கூடும், ஏசவும் கூடும். ஒன்றும் சொல்லாமல் ஐந்து நிமிடம் பக்கத்தில் இருந்துவிட்டு எழும்புங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பாதி வாக்கியத்தையும் முடித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்